நீரிழிவும் நமது மூலிகைகளும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற உரை)



ஊரவர்க்குப் பயன்படும் விஷயம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமென்று சங்கச் செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். எதைப் பேசலாம் என்று யாம் நெடுநேரம் சிந்திக்கவில்லை. கோயில் வீதியிலும், சந்தையிலும், செத்த வீட்டிலும், கலியாண வீட்டிலும் இன்று நம்மவர் கூடினால் முதலிற் பேசுவது சீனி வருத்தத்தைப் பற்றியே. அப்படிப் பேசுமிடத்து, "டொக்டர் தந்த குளிசையை விடு, இந்த இலையை அவித்துக் குடி" என்று சொல்லும் ஒருவராவது அங்கே இருப்பார். அவர் சொல்வது மெய்யா, பொய்யா, எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று ஆராய்வதே இன்று எமது நோக்கம்.

இதைப் பேச எமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். யாம் வைத்தியர் அல்லோம். ஆசுப்பத்திரியிலே மருந்தாளராகப் பல்லாண்டு கடமையாற்றி இளைப்பாறியவர். எமது பேரனாரோ ஊரறிந்த பரியாரியார். சிறு வயதிலே அவருக்குச் சரக்கு இடித்துக் கொடுத்த கை இது. பின்னர் குளிசை எண்ணிக் கொடுத்ததும் இக்கைதான். ஆகவே மூலிகையை இகழ எமக்கு மனம் வராது. குளிசையை இகழ அறிவு இடங்கொடாது.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாம் உண்ணும் சோறும் பிட்டும் பாணும் குடலிலே சீனியாக மாறி இரத்தத்திற் கலக்கின்றன. அச்சீனி உடம்பின் தசைகளுக்குள்ளே புகுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். வயிற்றினுள்ளே இரைப்பைக்குப் பின்னாலுள்ள கணையம் என்னும் உறுப்பு அதனைச் சுரக்கின்றது. கணையம் இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலை அறவே இழந்துவிடுவது ஒரு வகை நீரிழிவு. இது பெரும்பாலும் பிள்ளைகளையும் இளைஞரையும் பீடிக்கும். சுரக்கும் இன்சுலின் போதாமையாலோ, உடம்பு அதற்கு இணங்காமையாலோ வருவது மற்றொரு வகை. நம்மிடையே மிகப் பெரும்பாலோருக்கு உள்ளது இந்த இரண்டாம் வகையே. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மூலிகையைப் பற்றிப் பேசுவது ஆபத்து. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இந்நோய் நமது நாட்டில் எவ்வளவு பரவியுள்ளது? 2005-2006ஆம் ஆண்டுகளிலே, வடக்கும் கிழக்கும் நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டென்று அப்பொழுது தெரியவந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். நோவு இல்லை, காய்ச்சல் இல்லை; ஆகவே ஐயமும் இல்லை. நோவில்லாமல் வந்து கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்பையும் மெல்ல மெல்ல அரிப்பதே இந்நோயின் கொடுமை.

நமது முன்னோர் இதனை அறியாதவரல்லர். சலம் இனித்திருப்பதையும் அதில் எறும்பு மொய்ப்பதையும் கண்டு பழைய வைத்திய நூலார் இதற்கு மதுமேகம் என்று பெயரிட்டனர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் 1928ஆம் ஆண்டு தொடக்கம் 1936ஆம் ஆண்டு வரை பகுதி பகுதியாக அச்சிட்டார். அதிலே மேகரோக நிதானம் என்று தனியொரு பகுதியே உண்டு. சித்த வைத்தியர் வழங்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருது என ஏழு சரக்குகள் சேரும். இவையெல்லாம் நாம் பெருமைப்படத்தக்க செல்வங்கள்.

ஆனால் பெருமை வேறு, மயக்கம் வேறு. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரும் உண்டோ" என்பது நம்மவர் பழமொழி. உண்மையை ஒளியாமற் சொல்வோம்: ஆவாரை பூத்திருக்கவே செத்தவர் பலர். முதல் வகை நீரிழிவு கண்ட பிள்ளைகள் ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகில் எங்கும் நெடுநாட் பிழைத்ததில்லை. 1922ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கனடா நாட்டு ரொறன்ரோ நகரில், சாகுந் தறுவாயிற் கிடந்த லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அவன் அதன்பின் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். அந்த ஊசி வருமுன், எந்த நாட்டு இலையும் வேரும் அத்தகைய பிள்ளையை உயிரோடு வைத்திருக்கவில்லை. முதல் வகை நோயாளிக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு மூலிகை கொடுத்தால், சில நாட்களிலேயே இரத்தம் நஞ்சேறி உயிர் போய்விடும். இன்சுலினுக்குப் பதிலாய் நிற்கத்தக்க மூலிகை இன்றுவரை ஒன்றும் இல்லை. இளைஞர்கள் இவ்வொரு வார்த்தையை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டு சென்றாலும் எமது பேச்சு வீண்போகாது.

இனி, எமக்கு அரிவரி கற்பித்த ஆசிரியர் ஒருவரின் கதையைச் சொல்லவேண்டும். அவர் பெயரைச் சொல்லோம். "பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்லு, தம்பி, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே எமக்கு அனுமதி தந்தார்.

அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. பத்தாண்டுகளாகக் குளிசை எடுத்து வந்தார். ஓர் ஆடி மாதத்திலே யாரோ ஒருவர் அவருக்கு ஒரு போத்தல் தூள் கொடுத்தார். "மூன்று மாதம் இதைக் குடியுங்கள், பிறகு குளிசையே வேண்டாம்" என்பது அவர் வாக்கு. தூள் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆசிரியர் குளிசையை நிறுத்திவிட்டார். முதல் இரண்டு கிழமை சீனியும் பனங்கட்டியும் தொடவில்லை. தூள் கொடுத்தவர் பத்தியமாக அவ்வாறு சொல்லியிருந்தார். அந்நாளில் இரத்தம் சோதித்தபோது சீனி சற்றுக் குறைந்தே இருந்தது. அவ்வளவில் நம்பிக்கை முற்றிவிட்டது. பின்னர் அவர் சோதிக்கவேயில்லை. பத்தியமும் தளர்ந்தது. புரட்டாதியிலே வலக்காற் பெருவிரலில் ஒரு சிறு புண் வந்தது. நோகவில்லை, ஆகவே கவனிக்கவில்லை. மார்கழித் திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போக அவருக்குக் கால் இருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

யாம் ஆசுப்பத்திரிக் கட்டிலருகே இருந்து, "ஐயா, இவ்வளவு படித்த நீங்கள் எப்படி அதை நம்பினீர்கள்?" என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழியை யாம் மறக்கவில்லை.

"தம்பி, என்ன கசப்பு எண்டு நினைக்கிறாய்! அவ்வளவு கசப்பு உள்ளுக்குப் போனால் இனிப்பு நிக்குமே எண்டு நினைச்சன்."

அன்பர்களே, இந்த ஒரு வசனத்திலே நம்மவர் மயக்கம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. கசப்பு இனிப்புக்கு எதிரி என்பது நாவைப் பொறுத்த மட்டில் உண்மை. இரத்தத்துக்கு நாக்கு இல்லை. வேம்பு கசக்கும், கொயினா கசக்கும், நிலவேம்பு கசக்கும். அதனால் அவை மூன்றும் சீனியைக் குறைக்குமென்று கொள்ளல் ஆகாது. வெந்தயத்தின் பயன் அதன் கசப்பிலே இல்லை. அதன் வழுவழுப்பிலே உள்ளது. ஒரு பொருள் வேலை செய்கின்றதா என்பதை நா சொல்லாது, நம்பிக்கையும் சொல்லாது. அளவையே சொல்லும்.

அவ்வாறு அளந்து பார்த்த சில மூலிகைகளை இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வெந்தயம். இதன் விதையிலே நீரிற் கரைந்து வழுவழுப்பாகும் நார்ப்பொருள் மிகுதி. அது குடலிலே உணவோடு கலந்து, சீனி இரத்தத்திற் சேரும் வேகத்தைத் தணிக்கின்றது. ஐதராபாத்திலுள்ள தேசிய போசாக்கு நிறுவனத்தார் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, கொழுப்பு நீக்கிய வெந்தய மாவை இன்சுலின் ஏற்றும் நோயாளர்க்கு உணவோடு கொடுத்து நன்மை கண்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த அளவைக் கவனியுங்கள்: நாளொன்றுக்கு 100 கிறாம்! நாமோ இரவில் ஒரு தேக்கரண்டி ஊறவைத்து, காலையிற் குடித்துவிட்டு, கடமை முடிந்ததென்று இருக்கின்றோம். ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறக்குறைய 5 கிறாம் மாத்திரமே. அதனாற் கேடில்லை, ஆயின் 100 கிறாமின் பயனை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

இரண்டாவது பாவற்காய். இதிலே சீனியைக் குறைக்கத்தக்க பொருள்கள் உண்டென்று ஆய்வுகூடங்களிலே கண்டிருக்கின்றார்கள். நோயாளரிடம் கண்டதென்ன? 479 பேர் பங்கெடுத்த நான்கு ஆய்வுகளை ஒருங்குசேர்த்து ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று, பாவல் நீரிழிவைக் கட்டுப்படுத்துகின்றது என்று சொல்லப் போதிய சான்று இல்லையென்று 2012இலே முடிவு கூறிற்று. ஆகவே பாவற்காயைக் கறியாகத் தாராளமாக உண்ணுங்கள். நல்ல கறி, மாச்சத்து மிகக் குறைவு. அது மருந்தன்று என்பதை மாத்திரம் மறவாதிருங்கள்.

மூன்றாவது சிறுகுறிஞ்சா. இவ்விலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் இட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும், இனிப்புத் தெரியாது. வட இந்தியாவில் இதற்குச் 'சீனியைக் கொல்வது' என்று பொருள்படக் குர்மார் என்று பெயர். சென்னையிலே 1990ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், குளிசை எடுத்துவந்த இரண்டாம் வகை நோயாளர் 22 பேருக்கு, நாளொன்றுக்கு 400 மில்லிகிறாம் வீதம் இதன் சாற்றுப்பொருளை ஒன்றரை ஆண்டுக்கு மேலாகக் கொடுத்தார்கள். ஐவர் குளிசையை விடக்கூடிய நிலைக்கு வந்தார்கள். இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் 22 பேர் சிறு தொகை. திருவுளச்சீட்டிட்டுப் பிரித்த இரு கூட்டத்தாரை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் அன்று அது. ஐவர் விட்டார்கள் என்பதைச் சொல்பவர், மற்றைய பதினெழுவர் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நான்காவது கோவை. வேலியிலே படருகின்ற அதே கோவைதான். 2011ஆம் ஆண்டு வெளிவந்த இலங்கை ஆய்வொன்றிலே, சுகதேகிகளான 61 பேரைக் கொண்டு சோதித்தார்கள். 20 கிறாம் கோவையிலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, நமது வீடுகளிலே செய்யும் சம்பல்போலக் கொடுத்தபோது, பின்னர் சீனி உட்கொண்டவிடத்து இரத்தத்தில் அது ஏறும் அளவு குறைந்திருந்தது. நமது அடுக்களை உணவையே ஆராய்ச்சிக்கு எடுத்தது பாராட்டத்தக்கது. இலையை வேலியிற் பிடுங்குவோர் நன்றாய்க் கழுவி உண்ணலாம்.

ஐந்தாவது, ஆவாரைக் குடிநீரிலே சேரும் கடலழிஞ்சில். சிங்கள மக்கள் இதனைக் கொத்தலஹிம்புட்டு என்பர். இம்மரத்திற் கடைந்த குவளையிலே இரவில் நீரூற்றி வைத்துக் காலையிற் பருகுவது அவர்களின் வழக்கம். இதிலுள்ள சலசினோல் என்னும் பொருளை 1997இல் யப்பானிய அறிஞர் வெளிப்படுத்தினர். மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடற் சுரப்பை அது தடுக்கின்றதாம். 2005ஆம் ஆண்டு வெளியான இலங்கை ஆய்வொன்றிலே, இரண்டாம் வகை நோயாளர் 51 பேருக்கு மூன்று மாதம் இதன் தேநீரையும், மூன்று மாதம் அதைப்போன்ற வெறுந் தேநீரையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். எப்பொழுது எதைக் குடிக்கின்றோம் என்பது குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. மூலிகைத் தேநீர் குடித்த காலத்தின் முடிவிலே அது 6.29 ஆகவும், வெறுந் தேநீர் குடித்த காலத்தின் முடிவிலே 6.65 ஆகவும் இருந்தது. வேறுபாடு சிறிது, ஆனால் மெய்யானது.

இவ்வாய்வின் முறையை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நமது ஆசிரியர் தூளும் குடித்தார், அதே சமயத்திற் சீனியையும் பனங்கட்டியையும் விட்டார். சீனி குறைந்தது தூளினாலா, பத்தியத்தினாலா? அவருக்குத் தெரியாது, தூள் கொடுத்தவருக்கும் தெரியாது. வெறுந் தேநீரையும் கொடுத்து ஒப்பிட்டது இவ்வையத்தை நீக்குதற்காகவே.

எமது பேரனாரின் நினைவு இவ்விடத்திலே வருகின்றது. அவர் குடிநீர்ச் சரக்குகளைத் தராசில் நிறுத்தே கொடுப்பார். கைப்பிடி அளவில் ஒருபோதும் கொடுக்கமாட்டார். நோயாளியைக் கிழமைதோறும் வரச்சொல்லிப் பார்ப்பார். பத்தியத்தைச் சொல்லும்போது அவர் குரல் உரத்து ஒலிக்கும். "மருந்து பாதி, பத்தியம் பாதி" என்பார். இன்று நாம் செய்வதென்ன? பாதி மருந்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பாதிப் பத்தியத்தை விட்டுவிட்டோம். தராசையும் விட்டோம், வைத்தியரையும் விட்டோம். கைத்தொலைபேசியிலே வந்த குறிப்பையும் கடையில் வாங்கிய போத்தலையும் வைத்துக்கொண்டு, "இது சித்த வைத்தியம்" என்கின்றோம். முறையாகப் பயின்று, பதிவு பெற்று, நோயாளியை இருத்திப் பார்த்து மருந்து கொடுக்கும் சித்த வைத்தியருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

இனி, மூலிகையென்றாலே நகைக்கின்ற படித்த இளைஞருக்கும் ஒரு வார்த்தை. இன்று உலகெங்கும் நீரிழிவு நோயாளர்க்கு முதலிற் கொடுக்கப்படும் மெற்போமின் குளிசை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலே கலேகா என்னும் ஒரு பூண்டு உண்டு. நெடுங்காலமாக அந்நாட்டார் அதை மருந்தாக வழங்கினர். அதிலுள்ள பொருள் சீனியைக் குறைக்குமாயினும் நஞ்சுத் தன்மையும் உடையது. அதன் வழியே ஆராய்ந்து சென்றே இரசாயன அறிஞர் மெற்போமினைச் செய்தனர். பிரான்சிய வைத்தியர் ழான் ஸ்ரேர்ன் 1957இலே அதனை நோயாளருக்குக் கொடுத்து அதன் பயனை வெளியிட்டார். அப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835இலே பிரித்தெடுத்த ஒரு பொருளை அடியாகக் கொண்டு, சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் புதிய குளிசைகள் 2012ஆம் ஆண்டளவிலே வழக்கிற்கு வந்தன. ஆகவே மூலிகையும் குளிசையும் பகையாளிகள் அல்ல. ஒரே குடும்பத்தவர். எது உதவும், எது கொல்லும், எவ்வளவு கொடுக்கலாம் என்று அளந்து தெளிந்த பின் வந்தது குளிசை. அளக்காமல் நிற்பது வேலியிலுள்ள இலை.

இயற்கையானது என்றால் தீங்கு செய்யாது என்று எண்ணுவோரும் உளர். ஐந்து விளிம்புள்ள காமரங்காயையும் அதன் இனமாகிய பிலிம்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் சாறு நல்லதென்று வெறுவயிற்றிற் குவளை குவளையாகக் குடிப்பவர்கள் இருக்கின்றார்கள். இவற்றிலே ஒட்சலேற்று என்னும் பொருள் மிகுதி. அது சிறுநீரகத்திலே பளிங்காய்ப் படிந்து அதனைப் பழுதாக்கிவிடும். பிலிம்பிச் சாற்றை அருந்திச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றிக் கேரளத்து வைத்தியர்கள் 2013இலே எழுதினார்கள். அவர்களுள் எழுவருக்கு இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. காமரங்காயினால் அவ்வாறு துன்புற்ற இருவரைப் பற்றி நமது நாட்டு வைத்தியர்களும் 2015இலே எழுதியுள்ளனர். நீரிழிவினால் முன்னரே நலிந்த சிறுநீரகத்துக்கு இது எவ்வளவு கேடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வேறோர் ஆபத்தும் உண்டு. போத்தலிலே மூலிகை என்று எழுதியிருப்பதெல்லாம் மூலிகையன்று. சிங்கப்பூரிலே 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள், நீரிழிவே இல்லாத 150 பேர் சீனி மிகத் தாழ்ந்து மயங்கி ஆசுப்பத்திரிகளிற் சேர்க்கப்பட்டனர். ஆராய்ந்தபோது, வீரிய மருந்தென்று கள்ளமாக விற்கப்பட்டவற்றிலே கிளிபென்கிளமைட் என்னும் நீரிழிவுக் குளிசை மருந்து கலந்திருந்தமை தெரியவந்தது. நால்வர் இறந்தனர். "இந்தத் தூளைக் குடித்த மூன்றாம் நாளே சீனி இறங்கிவிட்டது" என்று எவரேனும் வியந்து சொல்வாராயின், நாம் வியக்கக் கூடாது, ஐயுற வேண்டும்.

கலப்பில்லாத நல்ல மூலிகையும் குளிசையோடு சேரும்போது சீனியை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்தக்கூடும். விரத நாட்களில் இது இன்னும் எளிதில் நிகழும். கந்தசட்டி விரதம் இருப்போர், வெறுவயிற்றிற் குளிசையும் எடுத்து, கசாயமும் குடித்தல் ஆகாது. விரதம் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தாங்கொணாப் பசி, பேச்சுத் தடுமாற்றம் என்பன சீனி தாழ்வதன் குறிகள். சோதித்துப் பார்த்து 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே கொடுங்கள். சோதிக்க வசதியில்லையேற் காத்திராமற் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாது ஆசுப்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். விரதம் முறிந்துவிட்டதே என்று அவ்வேளையில் எவரும் கலங்கவேண்டாம். உயிரைக் காத்தபின் அடுத்த ஆண்டும் சட்டி வரும்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? சில வழிகளைச் சொல்லி முடிப்போம்.

மூலிகை எடுப்பவர் அதை ஒளிக்காதிருக்க வேண்டும். ஆசுப்பத்திரி வைத்தியரிடமும் சொல்லவேண்டும், சித்த வைத்தியரிடம் குளிசையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏசுவார்கள் என்று அஞ்சியே நம்மவர் ஒளிக்கின்றார்கள். வைத்தியர்களும் ஏசாது கேட்பார்களாயின் பல கால்கள் தப்பும்.

குளிசையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தலாகாது. மூலிகையால் மெய்யாகவே சீனி தாழ்ந்தால், சோதனை அதனைக் காட்டும். மருந்தைக் குறைப்பது வைத்தியர் கடமை.

உணவிலே கருத்து வேண்டும். பனங்கட்டி சீனியன்று என்பது ஒரு மயக்கம். அதிலும் பெரும்பகுதி சீனியே. குரக்கன் நல்லது, ஆனால் குரக்கன் பிட்டாயினும் இரண்டு நீத்துப்பெட்டி உண்டால் அதுவும் மாச்சத்துத்தான். சோற்றைக் குறைத்து, கீரையையும் காய்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டுங்கள்.

நடையை மறவாதீர்கள். நோய் வரக்கூடிய நிலையிலிருந்தோரைக் கொண்டு அமெரிக்காவிலே நடத்தி 2002இல் வெளியிட்ட பேராய்வு ஒன்றுண்டு. கிழமைக்கு 150 நிமிட நடையும், உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்தலும் கைக்கொண்டவருக்கு நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. யாம் மேலே சொன்ன ஐந்து மூலிகைகளுள் எதற்கும் இத்தகைய சான்று கிடையாது. ஆயினும் நடையைப் போத்தலில் அடைத்து விற்க முடியாதாதலால், அதைப் பற்றி எவரும் நமக்கு விளம்பரம் அனுப்புவதில்லை.

இரவு படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கைப் பாருங்கள். நோவில்லாத புண்ணே பெரிய புண்.

இளைஞர்களே, உங்களுக்கென ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இருமுறையேனும் இம்மண்டபத்திலே இரத்தச் சோதனைக்கு ஒழுங்கு செய்யுங்கள். வெறுவயிற்றிலே 126 அல்லது அதற்கு மேலென்றால் அவரை நீங்களே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் தலையணைக்குக் கீழே ஒரு தூள் போத்தலைக் கண்டால் அதை எடுத்தெறிந்து சண்டை பிடிக்கவேண்டாம். சண்டை பிடித்தால் அவர் அடுத்த போத்தலை இன்னும் ஆழமாக ஒளிப்பார். அருகில் இருந்து, "அப்பு, குளிசையும் எடுக்கிறீர்களோ? கடைசியாக எப்போது சோதிச்சீர்கள்?" என்று கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகள் போதும்.

எமது ஆசிரியரிடம் அந்த ஆடி மாதத்திலே அவ்விரண்டு கேள்விகளையும் கேட்க ஒருவர் இருக்கவில்லை. அவரிடம் அரிவரி படித்த யாமும் கேட்கவில்லை. ஒரே ஒழுங்கையிற் குடியிருந்தும், நாள்தோறும் கண்டு வணக்கம் சொல்லியும், யாம் கேட்கவில்லை. முப்பது ஆண்டு மருந்து கொடுத்த எமக்கு அது தீராத மனக்குறை. அக்குறையே இன்று எம்மை இம்மேடையில் ஏற்றியது.

அவர் இன்று பொய்க்காலுடன் நடக்கின்றார். குளிசை எடுக்கின்றார், வைத்தியரைக் கேட்டே வெந்தயமும் எடுக்கின்றார். முற்றத்திலே ஓர் ஆவாரஞ் செடியும் நிற்கின்றது. "இதை வெட்டிவிடட்டோ ஐயா?" என்று யாம் ஒருநாள் பகிடியாகக் கேட்டோம். "மரம் என்ன செய்யும், தம்பி? பிழை என்னிலைதானே" என்றார்.

ஆவாரை பூக்கட்டும். நாம் சோதிப்போம், நடப்போம், பத்தியம் காப்போம், ஒருவரையொருவர் விசாரிப்போம். அப்பொழுதுதான் அப்பழமொழிக்கு ஏதேனும் பொருள் உண்டாகும்.